வேரைக் கூப்பிடப் போன கோதண்டம்

எங்கள் சாமியிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, வேலை வரும். இது தெரிந்துதான் நான் கேள்வி கேட்பதை விட்டு ரொம்பக் காலமாயிற்று. கோதண்டம் அண்ணாச்சி விடவில்லை. அதனால்தான் இந்தக் கதை அவரைப் பற்றியது, நான் இன்னும் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் மடத்தைச் சொல்லிவிடுகிறேன். தேரிக்காட்டு ஓரம். மேடு மேடாகச் செம்மணல், எந்நேரமும் பறக்கும். ஒரு கிணறு, ஓடாத மோட்டார் ஒன்று, ஆட்கள் மூன்று பேர். சாமிக்கு வயது நாற்பத்தாறு. அவருக்குச் சீடராக இருக்கும் கோதண்டம் அண்ணாச்சிக்கு அறுபது தாண்டிவிட்டது. நடுவில் நான், இசக்கிமுத்து, சமையல். எனக்குத் தீட்சைப் பெயர் சதானந்தன். தீட்சை கொடுத்த அன்றைக்கு ஒரு தடவை சாமி அப்படிக் கூப்பிட்டார். மறுநாளிலிருந்து 'ஓய்'.

கோதண்டம் அண்ணாச்சியின் பெயர் கோதண்டம் இல்லை. அதைச் சொல்லாமல் கதை நகராது.

அவர் மடத்துக்கு வந்த அன்று காலையில்தான் மோட்டார் நின்றுபோயிருந்தது. அதைப் பார்க்கக் கோதண்டம் என்று ஓர் எலக்ட்ரீஷியன் வருவதாகச் சொல்லியிருந்தான். வாசலில் பையோடு ஓர் ஆள் வந்து கும்பிட்டு நின்றார்.

"வாரும் கோதண்டம்" என்றார் சாமி. "கெணத்தடியில இருக்கு."

"சாமி, என் பேரு அறவாழி."

"சரி கோதண்டம். மொதல்ல ஃப்யூஸைப் பாரும்."

பார்த்தார். ஷாக் அடித்து வேலியோரம் போய் விழுந்தார். நான் தண்ணீர் கொடுத்துத் தூக்கி உட்காரவைத்தேன்.

"சாமி, நான் ஞானம் தேடி வந்தவன்" என்றார், பல் கிட்டித்தபடி.

"அது ஃப்யூஸ்ல இல்ல கோதண்டம்" என்றார் சாமி.

அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தடவை தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். சாமி கவனமாகக் கேட்பார். "புரியுது கோதண்டம்" என்பார். அந்த எலக்ட்ரீஷியன் இன்றுவரை வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உலகத்தில் அண்ணாச்சிக்குப் பிடிக்காத ஒரே விஷயம் எழுத்துத் தப்புதான். பாளையங்கோட்டையில் ஓர் அச்சகத்தில் காலமெல்லாம் ப்ரூஃப் பார்த்தவர். பால் வேனை நிறுத்தி, அதில் எழுதியிருப்பதைத் திருத்துவார். அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவரின் பெயரைச் சுவரில் எழுதியிருந்தோம். இவர் அதைத் திருத்தப்போய், அந்த ஆள் அரிசியைத் திருப்பிக் கேட்டுவிட்டார். அப்படிப்பட்ட மனுஷன், சாமி வாயில் தன் பெயர் தப்பாக வருவதை மட்டும் விட்டுவிட்டார். 'கோதண்டம்' என்று குரல் கேட்டால் போதும், குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரம் சொட்டச் சொட்ட ஓடி வருவார். பார்க்க எனக்கு எரிச்சலாக வரும்.

போன மார்கழியில் ஒருநாள் சாமி சொன்னார்.

"கோதண்டம், தைப்பூசத்துக்குத் துணி மாத்திக்கிடும்."

அண்ணாச்சி அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டார். ஒன்பது வருஷம் வெள்ளை வேட்டியோடு காத்திருந்தவர். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

எங்கள் மடத்தில் துணி மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. காவிக்கல்லைக் கரைத்து வேட்டியை முக்குவதெல்லாம் மற்ற மடங்களில். இங்கே சீடன் தானே தேரிக்குப் போய், இம்பூறல் வேரைத் தோண்டிக் கொண்டுவந்து, படிகாரம் போட்டுக் காய்ச்சித் தன் துணியைத் தானே சிவப்பாக்க வேண்டும். இம்பூறல் சின்னப் பூண்டு. தரையோடு கிடக்கும். இலை பச்சை, பூ வெள்ளை. சிவப்பு முழுக்க மண்ணுக்குள்ளே, வேரில். சாயவேர் என்றும் சொல்வார்கள்.

தோண்டுவதற்கு ஒரு முறை உண்டு. செடிக்கு மஞ்சள் நூல் கட்டி, தண்ணீர் தெளித்து, அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'இன்னாரே, வாரும். வந்து என் துணியில் இரும்.' பெயர் சொல்லிக் கூப்பிடாமல் பிடுங்கினால் சாயம் ஏறாது என்பது எங்கள் மடத்து நம்பிக்கை. என் முறை வந்தபோது கூப்பிட்டேன், வந்தது, மடத்துக்குத் திரும்பிவிட்டேன். அரிசி வேகிற நேரம்கூட ஆகவில்லை.

அண்ணாச்சிக்குத் தீட்சை என்று கேள்விப்பட்டதும் அவருடைய அக்கா பூங்கோதை போன் பண்ணினாள். பாளையங்கோட்டையில் மெஸ் நடத்துகிறாள். மடத்துப் போன் அடுப்படியில்தான் இருக்கும், ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏலே, இது நெசமா?"

"நெசம்க்கா."

"ஒன்பது வருஷமா இதையேதான் சொல்லுத. எனக்கு முட்டி தேஞ்சுபோச்சு, கல்லாவுல உக்கார ஆள் இல்ல. பூசத்துக்கு வாரேன். உன் துணி செவப்பா இருந்தா, அக்கான்னுகூடப் பாக்க மாட்டேன், கால்ல விழுந்து கும்பிட்டுட்டுப் போறேன். வெள்ளையா இருந்தா என்கூட வந்து கல்லாவுல உக்காரணும். சத்தியம் பண்ணு."

பண்ணினார். அந்த மெஸ்ஸின் விலைப் பலகையை நான் பார்த்திருக்கிறேன். வரிக்கு இரண்டு தப்பு. அதற்கு எதிரே நாள் முழுக்க உட்கார்ந்தால் அண்ணாச்சி உயிரோடு இருக்க மாட்டார்.

மறுநாள் காலையிலேயே மண்வெட்டி, மஞ்சள் நூல், சொம்போடு கிளம்பிப் போனார். மத்தியானம் சும்மா வந்தார்.

"வேர் எங்க அண்ணாச்சி?"

"பேரு தெரியல."

"யாரு பேரு?"

"அது பேரு."

"இம்பூறல்தான? நேத்துகூட நீங்களே சொன்னீங்களே."

"சொன்னேன். எழுதிப் பாக்கும்போதுதான் இடிக்கி. சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா? ஒரு புஸ்தகத்துல அப்படி இருக்கு, ஒண்ணுல இப்படி இருக்கு. இன்னொருத்தன் 'இம்புறா'ங்கான்."

"சாயவேர்னு கூப்பிட்டுட்டுப் போங்களேன்."

"அது பேரா வே? அது பாக்குற வேல. உம்மை 'சோறு பொங்குறவரே'ன்னு கூப்பிட்டா உமக்கு நல்லாருக்குமா?"

"அப்படியாவது கூப்பிட்டா தேவலைன்னு இருக்கேன்" என்றேன்.

அவர் காதில் விழவில்லை. பெயர் தெரிய வேண்டுமென்றால் பொருள் தெரிய வேண்டுமாம். பொருள் தெரிய வேண்டுமென்றால் அது எங்கே பிறந்தது என்று தெரிய வேண்டுமாம். அன்றிலிருந்து தினம் ஒரு பொருள் கட்டுவார். இன்பம் ஊறுகிற வேர் என்பார். சாப்பாட்டுக்கு உட்காரும்போது, இன்பத்துக்கும் வேருக்கும் என்ன சம்பந்தம் என்று அவரே இடித்துவிடுவார். இருமலுக்குக் கொடுக்கிறார்களே, இருமலை ஊறவைப்பதோ என்பார். இருமலை எதற்கு ஊறவைக்க வேண்டும் என்று சோற்றில் கையை வைத்தபடி யோசிப்பார். நான் பரிமாறிய ரசம் ஆறிப்போகும்.

"ரத்தம் கக்குறவனுக்கு இதுதான மருந்து, எங்க ஆத்தா ஒரு பழமொழி சொல்லும் அண்ணாச்சி. இம்பூறலைக் காணாம ரத்தம் கக்கிச் செத்தானாம்."

"ஏன் காணல?" என்றார் சட்டென்று.

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"தப்பான எழுத்துல தேடியிருப்பான்" என்றார். நிஜமாகவே அவனுக்காக வருத்தப்பட்டார்.

டவுனுக்குப் போய் நாட்டு மருந்துக் கடையில் விசாரித்தார். "எப்படி எழுதுனாலும் அதே வெலதான் அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எல்லாப் பெயரையும் ஒன்றாகச் சொல்லிக் கூப்பிடுங்களேன் என்று நான் யோசனை சொன்னேன். "ஒருத்தன நாலு பேரு சொல்லிக் கூப்பிட்டா, கூப்பிடுறவனுக்கு ஆளே தெரியலன்னு அர்த்தம்" என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது.

கடைசியில் சாமியிடமே போய் நின்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"சாமி, இந்த வேரோட சரியான பேரு என்ன?"

சாமி நகம் வெட்டிக்கொண்டிருந்தார். "அதுகிட்டயே கேளும் கோதண்டம்."

பார்த்தீர்களா, வேலை வந்துவிட்டது.

அண்ணாச்சி தேரிக்குப் போய்ச் செடிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோனவன், கூடவே நின்றேன்.

"இம்பூறலே" என்றார், பெரிய ற போட்டு அழுத்தி. காற்றடித்தது. செடி தலையாட்டியது. அண்ணாச்சி என்னைப் பார்த்துச் சிரித்தார். அப்புறம், ப்ரூஃப் பார்த்த புத்தி சும்மா இருக்குமா, "இம்பூரலே" என்று சின்ன ர போட்டுப் பார்த்தார். ஆட்டியது. "இம்புறாவே." அதற்கும் ஆட்டியது. முகம் சுருங்கிப்போயிற்று. சோதித்துப் பார்க்கலாம் என்று "பூங்கோதையே" என்றார். அக்கா பெயருக்கு இன்னும் கொஞ்சம் பலமாகவே ஆட்டியது.

சாமியிடம் வந்து சொன்னார். "எல்லாத்துக்கும் தலையாட்டுது சாமி."

"நல்ல செடி" என்றார் சாமி. அடுத்த விரலுக்குப் போய்விட்டார்.

தை பிறந்தது. அண்ணாச்சி தினமும் போவார், புது நூல் ஒன்று கட்டுவார், உட்கார்ந்திருப்பார், வந்துவிடுவார். கட்டிய நூல்களில் செடியே தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"அண்ணாச்சி, எதையாவது ஒண்ணச் சொல்லித் தோண்டித் தொலையுங்களேன். அக்கா வந்து கூட்டிட்டுப் போயிரும்."

அவர் மஞ்சள் நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார்.

"தப்பான பேரச் சொல்லி, சாயம் ஏறாமப் போச்சுன்னா? ஒன்பது வருஷம் இருந்தும் இவன் இதுக்கு லாயக்கில்லன்னு துணியே சொல்லிரும்லா. அதப் பாக்குறதுக்குக் கல்லாவுலயே உக்காந்துக்கிடலாம்."

அன்றைக்கு அவருக்கு அப்பளம் இரண்டு அதிகமாகப் போட்டேன். வேறென்ன செய்ய முடியும்?

பூசத்துக்கு முதல் நாளே அக்கா வந்து இறங்கிவிட்டாள். கையில் பெரிய தூக்குவாளி, இடுப்பில் சாவிக்கொத்து.

"நாளைக்குல்லா சொன்னீங்க?" என்றேன்.

"நாளைக்கு வந்தா எங்கயாவது போய் ஒளிஞ்சுக்கிடுவான். எனக்கு அவனத் தெரியாதா? எங்க அவன்? துணி என்ன நெறம்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "வெள்ளை" என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "கிறுக்கன், கிறுக்கன்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேரிப் பக்கம் நடந்தாள். பின்னாலேயே நான். சாமியும் எழுந்து வந்தார்.

அண்ணாச்சி எங்களுக்கு முதுகைக் காட்டிச் செடியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கு மணலில் கால் புதைந்தது, முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"அறவாழி!" என்று கூப்பிட்டாள்.

அவர் திரும்பவில்லை.

"ஏ அறவாழி!"

மெஸ்ஸில் நாலு டேபிள் தாண்டிச் சாம்பார் கேட்கிற குரல். காற்றும் எங்கள் பக்கமிருந்து அவர் பக்கம்தான் அடித்தது. வேலிக்கு அந்தப்புறம் மேய்ந்த ஆடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அண்ணாச்சி அசையவில்லை.

"எங்கப்பா வச்ச பேருய்யா" என்றாள் அக்கா என்னிடம், நான் ஏதோ திருடிவிட்டது போல.

சாமி தொண்டையைக்கூடக் கனைக்கவில்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற சத்தத்தில் சொன்னார்.

"கோதண்டம்."

"இந்தா வந்துட்டேன் சாமி!"

துள்ளி எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணல் தெறிக்க ஓடி வந்தார். வந்து நின்ற பிறகுதான் அக்காவைப் பார்த்தார்.

"எப்பக்கா வந்த?"

அக்கா மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். "யாருலே கோதண்டம்?"

"நான்தான்க்கா."

"அப்ப நான் கூப்பிட்டது?"

"கூப்பிட்டியா?" என்றார். பாவம், அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

சாமி அவரைப் பார்த்தார்.

"உம்ம பேரு கோதண்டம் இல்லன்னு எனக்கு மொத நாளே தெரியும் வே. நீரும் சொன்னீரு. பெறகு ஏன் கூப்பிடும்போதெல்லாம் வந்தீரு?"

அண்ணாச்சி மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"என்னத்தான கூப்பிட்டீங்க" என்றார்.

சாமி மணலில் கிடந்த மண்வெட்டியைக் காலால் அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

அண்ணாச்சி செடியிடம் திரும்பிப் போனார். சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரைத் தெளித்தார். மண்டியிட்டு, காதோடு ரகசியம் சொல்கிற மாதிரி குனிந்து ஏதோ சொன்னார். தோண்ட ஆரம்பித்தார். வேர் நீளமாக, செக்கச்செவேலென்று வந்தது. மண் ஒட்டிய அந்த வேரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, பிள்ளை பெற்ற வீட்டில் பிள்ளையைக் காட்டுவது போல எங்களிடம் கொண்டுவந்து காட்டினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டீங்க அண்ணாச்சி? பெரிய றவா?"

"கோதண்டம்னு கூப்பிட்டேன்."

"அது உங்க பேரு!"

"கூப்பிட்டா வரும்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்ச பேரு அது ஒண்ணுதான் வே."

சாமி சிரித்து அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சாயங்காலம் வேரை இடித்து, படிகாரம் போட்டு, என் ரசப் பானையில் காய்ச்சினோம். பானை போனது போனதுதான். இன்னும் அதில் என்ன வைத்தாலும் சிவப்பாக இருக்கிறது. அக்கா ஊருக்குத் திரும்பிப் போகாமல், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்து தீ தள்ளினாள். சாயம் ஏறுமா ஏறாதா என்று அண்ணாச்சியைவிட அவள்தான் அதிகமாக எட்டி எட்டிப் பார்த்தாள்.

"ஏறாட்டா உங்களுக்கு நல்லதுதானக்கா" என்றேன்.

"வாய மூடிட்டு வெறகு எடு" என்றாள்.

பூசத்தன்று விடிந்தபோது வேட்டி கொடியில் கிடந்தது. அப்படி ஒரு சிவப்பு. என் துணி வெளுத்துப்போன புளிக்குழம்பு நிறம், சொன்னால் வெட்கக்கேடு.

தீட்சை ஆயிற்று. சாமி அண்ணாச்சியின் காதில் புதுப் பெயரைச் சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை. அண்ணாச்சி கண்ணை மூடி அதை உள்ளே வாங்கிக்கொண்டார். கண்ணைத் திறப்பதற்குள் சாமி எழுந்துவிட்டார்.

"கோதண்டம், கெணத்தடிக்குப் போய் ரெண்டு வாளி தண்ணி எறச்சு வையும். மோட்டார் ஓடலை."

தீட்சைப் பெயரின் ஆயுசு அவ்வளவுதான். என்னுடையது ஒருநாளாவது தாங்கியது.

அக்கா வாக்குத் தவறவில்லை. முட்டி வலியோடு குனிந்து தம்பியின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் பதறிப்போய் நின்றார். அவள் காலித் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள். அண்ணாச்சி கிணற்றடிக்குப் போனார்.

வாசல் வரை போனவள் நின்றுவிட்டாள். போய்வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்னவென்று கூப்பிடுவாள்? 'அறவாழி' என்று வாயெடுத்தாள், விட்டுவிட்டாள். புதுப் பெயர் அவளுக்குத் தெரியாது. கோதண்டம் என்பது அவள் வாயில் வராது. தூக்குவாளியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஏலே" என்றாள். எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கிணற்றடியில் வாளி தொபுக்கென்று உள்ளே விழுந்தது. கயிற்றை விட்டுவிட்டு அண்ணாச்சி பாதித் தூரம் ஓடி வந்துவிட்டார். ஓடி வரும்போதுதான் தன் துணியின் நிறம் அவர் கண்ணில் பட்டது. அப்படியே நின்றார். அக்காவைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார்.

"சாமி, எல்லாத்தையும் விட்டவன், இப்படிக் கூப்பிட்டா போகலாமா?"

சாமி அந்தச் சிவப்புத் துணியைக் காட்டினார்.

"என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாலும் வந்துச்சே, அந்த வேருக்கு இருக்குற மரியாதை உமக்கு வேண்டாமா, வே? ஓடும்."